படத்தில் இருப்பவளின் பெயர்

சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் முன்தூண்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பெண் ஆடிக்கொண்டிருக்கிறாள். ஒருத்தியின் கை யானைத் துதிக்கைபோல் உடலுக்குக் குறுக்கே நீண்டு தளர்ந்து தொங்குகிறது. கூந்தலில் பூ, காதில் குழை, கழுத்தில் அடுக்கு மாலைகள். சுண்ணாம்புச் சாந்தின் மேல் மஞ்சளும் செங்காவியும் கொண்டு எழுதிய அந்த உருவங்களின் கீழ்ப்பகுதி பெரிதும் உதிர்ந்துவிட்டது. மிஞ்சியிருக்கும் மேலுடலிலும் முகத்திலும் ஆட்டத்தின் நடுக்கணம் இன்னும் தெரிகிறது.

புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் வரலாற்றை எழுதிய எஸ். ராதாகிருஷ்ண ஐயர் 1916-ல் இந்தக் குகைக்கோயிலைப் படிப்பவர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு கோபிநாத ராவும், பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேயும் இவ்வோவியங்களை ஆராய்ந்தார்கள். அதன்பின் பல ஆண்டுகள் நடந்த விவாதம் ஒரு மனிதனைப் பற்றியது. இதே தூண்களில் ஒன்றில் மகுடம் சூடிய அரசன் ஒருவனும் அவன் அரசியும் எழுதப்பட்டிருக்கிறார்கள். அவன் மகேந்திரவர்ம பல்லவன் என்றார்கள் முதலில். 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு படிக்கப்பட்டபின் அவன் பாண்டியனாக இருக்கவேண்டும் என்றார்கள். அரசனுக்கு ஒரு பெயரை உறுதி செய்ய இவ்வளவு உழைப்பு. புதுப்பித்த சமண ஆசிரியருக்குக் கல்லிலேயே பெயர் இருக்கிறது. ஆடும் இரு பெண்களை அப்சரசுகள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டோம். அவர்கள் வானுலகத்துப் பெண்களாகவே கருதி எழுதப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கையின் தளர்ச்சியை ஓவியன் வானத்தில் பார்த்திருக்க முடியாது. ஆடத் தெரிந்த ஓர் உடலை அவன் எங்கோ, யாரிடமோ உற்றுப் பார்த்திருக்கிறான்.

ஆடுவதையும் பாடுவதையும் வாழ்வாகக் கொண்ட பெண்ணின் உருவம் நெடுங்காலம் நிற்கிறது. அவள் பெயர் எங்கே போகிறது? அதை யார் எழுதுகிறார்கள், யார் விற்கிறார்கள், எப்போது அவளே எழுதுகிறாள்? புதுக்கோட்டை வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடைகள் வியப்பானவை. ஆனால் அவற்றைச் சரியாக எடைபோட, பெண்ணின் பெயரைப் படத்திலேயே அச்சிட்டு விற்ற ஒரு நகரத்துக்கு முதலில் போய் வரவேண்டும்.

எடோ, இன்றைய டோக்கியோ. அங்கே ஷோகுன் ஆட்சி 1617-ல் அனுமதி அளித்து உருவான கணிகையர் குடியிருப்பு யோஷிவாரா. 1657-ன் பெருந்தீக்குப் பிறகு அது நகரத்துக்கு வெளியே, அசகுசாவுக்கு அப்பால் மாற்றப்பட்டது. சுற்றிலும் அகழி, போக வர ஒரே பெருவாயில். ஆண்கள் வந்து போகலாம். உள்ளே இருந்த பெண்கள் தம் விருப்பப்படி வெளியேற முடியாது. பெரும்பாலோர் சிறுமிகளாக இருக்கும்போதே, வறுமைப்பட்ட குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர்கள். உடைக்கும் படுக்கைக்கும் ஆன செலவு அவர்கள் கணக்கிலேயே ஏறியதால் கடன் கரையவில்லை. இந்தக் குடியிருப்பையும் கபுகி நாடக அரங்குகளையும் சுற்றியிருந்த கேளிக்கை உலகத்தைத்தான் மிதக்கும் உலகம் என்றார்கள். அதைக் காட்டிய ஓவியங்களும் அச்சுப்படங்களும் உகியோ-எ.

ஒரு படம் உருவாக நான்கு தரப்பு வேண்டும். பதிப்பாளர் முதல் போட்டார். ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் தந்தார். செதுக்குபவர் அந்தத் தாளைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோடுகள் மட்டும் மேடாக நிற்கும்படி மீதியைக் குடைந்தெடுத்தார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிப்பலகை. தாள் இம்மியும் நகராமல் பதிவதற்காகப் பலகையின் ஓரத்தில் இரண்டு அடையாள வெட்டுகள். அச்சிடுபவர் தாளின் முதுகில் தேய்த்து வண்ணத்தை ஏற்றினார். 1765 அளவில் சுஸுகி ஹருநோபுவின் படங்களோடு பலவண்ண அச்சு நிலைபெற்றது. இதில் எனக்குத் தீராத வியப்பு, பெண்ணின் நெற்றியோரத்து முடி. ஓவியர் அதை ஏறத்தாழக் குறிப்பாகவே தருவார். ஒவ்வொரு மயிரிழையையும் மரத்தில் தனித்தனி வரப்பாக நிறுத்தியது தலைமைச் செதுக்காளரின் கை. ஓவியரின் ஒப்பமும் பதிப்பாளரின் முத்திரையும் படத்தில் இருக்கும். செதுக்கியவர் பெயரோ அச்சிட்டவர் பெயரோ இருப்பது அரிது.

பெண்ணின் பெயர் இருந்தது. எந்த வீட்டைச் சேர்ந்த எந்தக் கணிகை என்று படத்தின் மூலையில் தெளிவாக எழுதியிருக்கும். அது விற்பனைக்கான எழுத்து. யோஷிவாராவின் வாயிலருகே கடை வைத்துத் தொழிலைத் தொடங்கியவர் சுதாயா ஜூசாபுரோ. வீடுவாரியாகக் கணிகையரின் பெயரும் தரமும் கட்டணமும் கொண்ட கையேடுகளை வெளியிட்டு வளர்ந்த அவர்தான் பின்னாளில் ஓவியர் கிதகாவா உதமாரோவின் புகழுக்குக் காரணமான பதிப்பாளர். 1790களின் தொடக்கத்தில் உதமாரோ எழுதிய பெண்களின் மார்பளவு உருவப்படங்களில் பின்புலம் முழுக்க அப்பிரகப் பொடி பூசி மினுக்கியிருப்பார்கள். கையேடும் படமும் ஒரே கடையில் கிடைத்தன. ஒரு படத்தின் விலை ஏறத்தாழ ஒரு கிண்ணம் நூடுல்ஸின் விலை.

1793-ல் அரசு ஓர் ஆணை இட்டது: கணிகையர் அல்லாத பெண்களின் பெயரைப் படத்தில் போடக்கூடாது. கடைப் பெண்கள் ஒகிதா, ஒஹிசா ஆகியோரின் அழகு அப்போது ஊரெல்லாம் பேச்சு. பெயர் போட முடியாததால் உதமாரோ படத்தின் மேல்மூலையில் விடுகதைச் சித்திரங்கள் வரைந்து பெயரை உணர்த்தினார். சில ஆண்டுகளில் அதற்கும் தடை வந்தது. அதாவது, மற்றப் பெண்ணின் பெயர் பொதுவெளியில் வருவது ஒழுங்குக்குக் கேடு. கணிகையின் பெயர் பொதுச்சரக்கு. இந்த ஓர் ஆணை அந்தச் சமூகத்தைப் பற்றி ஒரு நூலளவுக்குச் சொல்லிவிடுகிறது.

அந்தப் பெயராவது அவளுடையதா என்றால், அதுவும் இல்லை. ஓகியா என்ற வீட்டில் ஹனாஓகி என்பது தலைமைக் கணிகையின் பெயர். ஒருத்தி போனபின் அடுத்தவள் அதே பெயரை ஏற்பாள். பெயர் வீட்டின் சொத்து. முகமும் பெரும்பாலும் ஓவியரின் சொத்து: நீண்ட முகம், கீற்றுக் கண், சிறிய வாய் என்ற ஒரே வார்ப்பு. உதமாரோதான் புருவத்திலும் உதட்டோரத்திலும் சிறு வேறுபாடுகளைக் காட்ட முயன்றார். பெற்றோர் இட்ட பெயரும் பிறந்த கிராமமும் அந்தப் படங்களில் எங்கும் இல்லை.

ஆனாலும் இரண்டு இடங்களில் அந்தப் பெண்களின் கை தென்படுகிறது. 1784-ல் சுதாயா வெளியிட்ட ஒரு செல்வச் செழிப்பான தொகுப்பில் கிதாவோ மசநோபு கணிகையரை வரைய, ஒவ்வொருவரின் மேலும் அவரவர் கையெழுத்திலேயே கவிதை செதுக்கி அச்சிடப்பட்டது. அதுவும் வியாபாரம்தான், என்றாலும் தூரிகை அவர்கள் பிடித்தது. இரண்டாவது இதைவிடக் கனமானது. 1849-ல் உமேமோதோயா என்ற வீட்டுப் பெண்கள் 16 பேர், உணவும் தராமல் அடித்து வதைத்த முதலாளியின் கொடுமை தாளாமல், வீட்டுக்குத் தீவைத்துவிட்டுத் தாங்களே போய்ச் சரணடைந்தார்கள். அவர்களில் சிலர் எழுதி வைத்திருந்த நாட்குறிப்புகள் விசாரணையில் சான்றாயின. உலக அருங்காட்சியகங்களில் யோஷிவாராவைக் காட்டும் படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் அந்த நாட்குறிப்புகளின் வரிகளை வைத்துக் காட்டினால் பார்ப்பவர் கண் மாறும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இனி நம் பக்கம். யோஷிவாராவையும் நம் கோயில் தாசி மரபையும் ஒன்றாக்கிப் பேசுவது பிழை. இங்கே அகழி இல்லை. கடன் ஒப்பந்தம் இல்லை. கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக்கட்டிய பெண்ணுக்கு அங்கே பணி இருந்தது, மானிய நிலம் இருந்தது, சொத்து பெண்வழியில் இறங்கியது. அதே சமயம் சிறுமியாக இருக்கும்போதே அவள் வாழ்வைப் பிறர் முடிவு செய்தார்கள். வீட்டுப் பெண் என்ற வட்டத்துக்கு வெளியே நிறுத்தினார்கள். பணம் படைத்த ஆண்களின் ஆதரவை நம்பியே பலர் வாழ நேர்ந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் வரலாறு ஊனமாகிவிடும்.

எடோவின் அச்சுப்படத்துக்கு இங்கே வாணிப முறையில் மிக நெருங்கியது, புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் திருச்சிராப்பள்ளியில் 19ஆம் நூற்றாண்டில் செழித்த அப்பிரகப் படங்கள். காக்காப்பொன் என்று நம் ஊரில் சொல்லும் அதே பொருளின் மெல்லிய தகடுகளில் பளிச்சென்ற வண்ணங்களால் எழுதி, வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் தொகுதி தொகுதியாக விற்றார்கள். குயவர், நெசவாளர், பல்லக்குத் தூக்குபவர், பண்டாரம், இவர்கள் வரிசையில் சதிராடும் பெண்ணும் நட்டுவனாரும் மத்தளக்காரரும். அச்சு அல்ல; ஆனால் ஒரே மாதிரியைக் கீழே வைத்துத் திரும்பத் திரும்ப எழுதியவை. இத்தகைய அப்பிரகத் தொகுதிகள் சிலவற்றில் ஓர் அட்டையில் முகம் மட்டும் வரைந்திருக்கும். அதன்மேல் முகம் இல்லாத ஆடைத் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்தால், அதே முகம் ஒரு முறை தாசியாகும், மறுமுறை வேறொரு தொழிலாளி ஆகும். எடோவில் பெண்ணுக்கு வீட்டுப் பெயராவது இருந்தது. இங்கே அவள் ஒரு வகைமாதிரி. கப்பலேறிப் போன அந்தத் தொகுதிகளில் ஆடும் பெண் ஒருத்திக்கும் பெயர் எழுதவேண்டும் என்று வரைந்தவருக்கும் தோன்றவில்லை, வாங்கியவருக்கும் தோன்றவில்லை.

ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இதே மண்ணில் பெயர் எழுதும் வழக்கம் இருந்தது. குடுமியான்மலைக்குப் போனால் இது விளங்கும். அந்த ஊரின் தலபுராணக் கதை எல்லோரும் அறிந்தது. சுவாமிக்குச் சாத்தவேண்டிய மாலையை அர்ச்சகர் தன் காதலியான தாசிக்குக் கொடுத்துவிட்டார். அரசன் எதிர்பாராமல் வந்துவிட, அவள் சூடிய மாலையையே வாங்கிப் பிரசாதமாகக் கொடுத்தார். அதில் தலைமுடி இருந்தது. சுவாமிக்கே குடுமி உண்டு என்று அர்ச்சகர் சொல்ல, அடியவரைக் காக்க இறைவன் குடுமி காட்டினார். சிகாநாதர் என்ற திருப்பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படும் கதை இது. கதையின் முழு நகர்வும் அவள் கூந்தலில் இருந்து உதிர்ந்த ஒரு முடியில் இருக்கிறது. அவளுக்குப் பெயர் இல்லை.

அதே கோயில் வளாகத்தில் மலையமங்கை என்ற அம்மன் சன்னதி உண்டு. அதை எடுப்பித்தவர் ஒரு தேவரடியார் என்று கல்வெட்டு சொல்கிறது. துர்க்கையாண்டி நாச்சியின் மகள் உமையாள்வி நாச்சி. தாயின் பெயரோடு சேர்த்துத் தன் பெயரைக் கல்லில் வெட்டச் செய்த பெண் இவர். கதையில் கடவுளின் மாலையை மறைவாகச் சூடுபவளாக மட்டும் வரும் தாசி, கல்வெட்டில் கடவுளுக்கே இடம் கட்டித் தருபவராக நிற்கிறார். கோயிலுக்கு வருகிறவர்களிடம் வழிகாட்டிகள் முதற்கதையைச் சுவையாகச் சொல்கிறார்கள். இரண்டாவதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இது இன்னும் பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1014 அளவில் ராஜராஜன் வெட்டுவித்த கல்வெட்டு, பல ஊர்க் கோயில்களிலிருந்து வந்து தளிச்சேரி எனும் குடியிருப்புகளில் குடியேறிய ஏறத்தாழ 400 பெண்களை, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவரிசையில் எத்தனையாவது வீடு என்று பெயர் பெயராக வரிசைப்படுத்துகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அதே கோயிலின் உட்சுற்றில், பிற்காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931-ல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அங்கேயும் பெண்கள் ஆடுகிறார்கள். வெளியே பெயர்கள், உள்ளே முகங்கள். எந்தப் பெயர் எந்த முகத்துக்கு என்று இணைக்க ஒரு வழியும் இல்லை. கலை வரலாற்றில் இதைவிட ஏக்கம் தரும் இடம் வேறொன்றை நான் அறியேன்.

பெயர் எழுதப்படுவதிலிருந்து, தானே எழுதும் நிலைக்கு வந்தது எப்போது? தஞ்சை மராட்டியர் அவையைச் சேர்ந்த கணிகை முத்துப்பழனி 18ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் ஒரு காவியம் இயற்றினார். அதை 1910-ல் பெங்களூர் நாகரத்தினம்மாள் முழுமையாகப் பதிப்பித்தபோது ஆபாசம் என்று அரசு தடை செய்தது. படங்களில் அவள் உடலை விற்றதற்குத் தடை இல்லை. அவள் எழுத்துக்குத் தடை.

புதுக்கோட்டையில் அந்தத் திருப்பம் ஒரு பள்ளிச் சிறுமியாக வந்தது. முத்துலட்சுமி 1886-ல் இங்கே பிறந்தார். தந்தை மகாராஜா கல்லூரி முதல்வர் நாராயணசாமி ஐயர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபு கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் 1904-ல் அவர் சேர, மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமானின் அனுமதி வேண்டியிருந்தது. 1912-ல் சென்னையில் மருத்துவரானார். சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராக இருந்து, பெண் குழந்தைகளுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கவேண்டும் என்ற தீர்மானத்தை 1927-ல் கொண்டுவந்தார். 1929-ல் அறநிலையச் சட்டத்தில் வந்த திருத்தம், கோயில் பணி என்ற கட்டு இல்லாமலே மானிய நிலத்தைத் தாசிகள் வைத்துக்கொள்ள வழி செய்தது. இந்தத் திருத்தம் அதிகம் பேசப்படுவதில்லை. பொட்டு வேண்டாம், நிலம் அவளுடையதாகவே இருக்கட்டும் என்ற நுட்பமான எண்ணம் அதில் இருக்கிறது.

பொட்டுக்கட்டு ஒழிப்புக்கு எதிர்நின்று வாதிட்டவர்களில் முதன்மையானவர் எஸ். சத்தியமூர்த்தி. திருமயத்தில் 1887-ல் பிறந்து, அதே மகாராஜா கல்லூரியில் படித்தவர். ஒரு சிறிய சமஸ்தானத்தின் ஒரே கல்லூரி வாசலைத் தாண்டிய இருவர், ஓராண்டு இடைவெளியில் பிறந்தவர்கள், ஒரே கேள்வியின் இரு கரைகளில் நின்றார்கள். மூன்றாவது தரப்பும் இருந்தது. சென்னைத் தாசிகள் சங்கமாகத் திரண்டு, எங்களைக் கேட்காமல் எங்களைப் பற்றிச் சட்டம் செய்யாதீர்கள் என்ற பொருளில் மனுக்கள் கொடுத்தார்கள். அதற்கு நேர்மாறாக, அதே மரபிலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் ஒழிப்புக்காகப் பேசினார். 1936-ல் தாசிகளின் வாழ்வை நாவலாகவே எழுதினார். எந்தத் தரப்பு சரி என்பதில் எனக்கு ஐயம் இல்லை: ஒரு குழந்தையின் வாழ்வை அவள் சார்பில் கட்டிப்போடும் சடங்கு ஒழிய வேண்டியதே. ஆனால் ஒழிப்பைப் பேசிய மேடைகளில் இந்தப் பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றி வீசிய சொற்கள் அவர்கள் கலையையும் சேர்த்துச் சுட்டன. அதே பத்தாண்டுகளில் அந்தச் சதிர்க்கலை வேறு பெயரில் வேறு வீட்டுப் பெண்களின் அரங்கேற்றமானது.

பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-ல் வந்தது. அது சென்னை மாகாணத்தின் சட்டம். புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். 1948 மார்ச் 3-ல்தான் இணைந்தது. அந்தச் சமஸ்தானத்தின் கடைசி ஆண்டுகளில், விராலிமலை முருகன் கோயிலில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்குப் பொட்டுக்கட்டினார்கள். முத்துக்கண்ணம்மாள். தந்தையே நட்டுவனார். கோயிலில் பணி செய்த 32 பேரில் ஒருவராக, நாள்தோறும் மலைப்படி ஏறிப் பாடி ஆடியவர். விராலிமலைக் குறவஞ்சி அங்கே ஆடப்பட்டது. பொட்டுக்கட்டு ஒழிந்து, கோயில் ஆட்டம் நின்று, ஊர் மறந்துபோன பின்னும் அவர் உடலில் அந்த ஆட்டம் இருந்தது. ஆய்வாளர் டாவேஷ் சோனேஜி 2012-ல் வெளியிட்ட நூலில் அவர் நினைவுகள் இடம்பெற்றன. 2022-ல் பத்மஸ்ரீ விருது வந்தது.

முத்துக்கண்ணம்மாள் ஆடுவதைக் காணொளியில் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். பாட்டும் அவருடையது. வேறொருவர் பாட அவர் அபிநயம் பிடிப்பதில்லை; தானே பாடிக்கொண்டு, மூச்சை அதற்கேற்ப அடக்கிக்கொண்டு கை முத்திரை காட்டுகிறார். சதிரில் அது இயல்பு. பின்னாளைய மேடை நடனம் ஆடுபவரையும் பாடுபவரையும் பிரித்துவிட்டது. ஓவியத்துக்கும் அச்சுப்படத்துக்கும் எட்டாதது இந்தக் குரல். உதமாரோவின் பெண்கள் ஷாமிசென் வாசித்துப் பாடியவர்கள். மரப்பலகை அதைத் தர முடியாது. சித்தன்னவாசல் ஓவியனின் கோட்டிலும் அது இல்லை. விராலிமலையில் அது ஒரு மனித ஆயுள் அளவு நம்மிடம் வந்து நின்றது.

செய்தித்தாள்கள் அவரைக் கடைசித் தேவதாசி என்று தலைப்பிட்டு எழுதின. பொட்டுக்கட்டுதலின் வரலாற்றை மட்டும் பார்த்தால் அது பொருந்தலாம். கலையின் வரலாற்றைப் பார்த்தால் அவரோடு படியேறிய மற்ற 31 பேரும் சேர்ந்ததுதான் அந்த மரபு. யார் எந்தப் பதத்துக்குப் பேர்போனவர், யார் கும்பாரத்தி எடுத்தார், குறவஞ்சியில் யார் சிங்கி, யார் தலைவி, யாருக்கு எந்த மானியம் இருந்தது என்பவை கோயில் கணக்குகளிலும், சமஸ்தானத்துப் பதிவுகளிலும், விராலிமலைக் குடும்பங்களின் நினைவிலும் சிதறிக் கிடக்க வேண்டும். திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஊரில் கல்லூரிகள் இருக்கின்றன, தமிழும் வரலாறும் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். உமையாள்வி நாச்சியின் கல்வெட்டு வாசகத்தைத் தெளிந்த தமிழில் குடுமியான்மலையில் ஒரு பலகையாக வைக்கலாம். விராலிமலைப் பெண்கள் 32 பேரின் பெயரையும், முடிந்தவரை தாய்வழியோடு, குடும்பங்களின் ஒப்புதல் பெற்றுத் தொகுக்கலாம். சொல்ல விரும்பாத குடும்பங்களும் இருக்கும். அவர்கள் பட்ட இழிசொல்லுக்குப் பின் அந்த மௌனம் அவர்களுடைய உரிமை. சொல்ல விரும்புகிறவர்களிடம் கேட்பதற்கு இனி அதிக ஆண்டுகள் இல்லை.